முன்னாலா, பின்னாலா?

என் வீட்டுக்காரிக்கு,

நான் சுகம். உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? அம்மாவின் இருமல் நின்றதா?

கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை பழகிவிட்டது, கேன்டீன்தான் பழகவில்லை. மலைநாடும் கரைநாடும் ஒரே தேசமாகி நூறு வருஷமாம். சாப்பாட்டு மேஜைகளுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. மலைக்காரர்கள் சாப்பிடும் முன் கும்பிடுவார்கள், கரைக்காரர்கள் சாப்பிட்ட பின்.

திங்கட்கிழமை தெரியாமல் மலைக்காரர்களோடு உட்கார்ந்து, அவர்கள் கண்மூடியிருக்கும்போது ஒரு கவளத்தை வாயில் போட்டுவிட்டேன். மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. மறுநாள் கரைக்காரர்களோடு உஷாராகக் கண்மூடி உட்கார்ந்தேன். தூங்கிவிட்டேன் என்று தட்டி எழுப்பினார்கள்! ஒன்றும் கோபமில்லை, எல்லோரும் சிரித்தார்கள்.

கிரேன்காரர் கேட்டார்: "உங்க வீட்ல எப்படிப்பா, முன்னாலயா, பின்னாலயா?"

"முன்னாலதான்."

"என்ன சொல்லுவீங்க?"

"எத்தனை தடவை கூப்பிடுறது, ஆறிப்போகுது, வந்து உக்காருங்க" என்று நீ அடுப்படியிலிருந்து கத்துவதுதான் காதில் கேட்டது. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். இப்போதெல்லாம் ஜன்னலோரம் தனியாகச் சாப்பிடுகிறேன்.

பார்சலில் இரண்டு பனியன் வை. சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன். ஞாயிறு மதியம் போன் பண்ணும்போது நலம் விசாரிக்காதே. அந்தத் திட்டைத் திட்டு, போதும். அன்றைக்கு நீ திட்டும்வரை தட்டில் கை வைக்க மாட்டேன்.

உன் வீட்டுக்காரன்