ஜோசியர் சொன்னதாக நீங்கள் சொன்னது

மாமா,

காலையில் தச்சர் தலைவாசல் நிலையை இழைத்துக்கொண்டிருந்தார். வெயிலும் மழையும் பட்டுக் கறுத்துப்போயிருந்த வேங்கை, மேல்தோல் போனதும் புது மரமாக மணத்தது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. டீ வாங்கப் போகிறேன் என்று உங்கள் மகளிடம் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

பணம் கைக்கு வருமுன்னே நிலை வைத்தது என் அவசரம்தான். பேங்கில் கடனுக்கு அனுமதி தந்துவிட்டார்கள், மாசியில் நல்ல முகூர்த்தம் இருக்கிறது, அப்புறம் என்ன என்று சொந்தபந்தத்தையெல்லாம் கூட்டினேன். நாள் நட்சத்திரம் பார்க்காத மனிதர் நீங்கள். எங்கள் கல்யாணத்தையே ராகுகாலத்தில் நடத்தியவர். ஆனாலும் எனக்காக வந்து நிலையை ஒரு பக்கம் பிடித்தீர்கள். கைக்காசில் வீடு கட்டிய உங்கள் மூத்த மருமகன் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்து கொரோனா வந்தது. ஊரடங்கு முடிந்ததும் பேங்கிலிருந்து கூப்பிட்டார்கள். டிராவல்ஸ் கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்கு இப்போது கடன் இல்லையாம், கொடுத்த அனுமதியும் ரத்தாம். சம்பளம் ஒழுங்காக வருகிறது என்று கெஞ்சிப் பார்த்தேன். மேலிடத்து முடிவு என்று போனை வைத்துவிட்டார்கள். பாளையங்கோட்டை மனையில் தனியாக நின்ற அந்த நிலைக்குக் கீழே உட்கார்ந்து உங்களிடம் அழுதேன். மூத்தவர் முகத்தில் எப்படி முழிப்பேன் என்றேன்.

"பைய பேசுங்க மாப்ள. வீட்லயும் சொல்லாண்டாம். நான் பாத்துக்கிடுதேன்."

மறுநாளே எல்லாரிடமும் சொல்லிவிட்டீர்கள். இப்போது வீடு எழும்பினால் உங்கள் உயிருக்குக் கண்டம், ஜோசியர் சொல்லிவிட்டார், அதனால் வேலையை நிறுத்தச் சொன்னதே நீங்கள்தான் என்று.

மூத்தவர் விடவில்லை. "என்ன மாமா, ராகுகாலத்துல கல்யாணம் முடிச்ச ஆளு, இப்ப ஜோசியர் வீட்டு வாசல்ல நிக்கிய?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். போதாததற்கு, "நானும் சொல்லிப் பாத்துட்டேன், மாமா கேக்க மாட்டேங்காவ" என்றேன். நீங்கள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை மாமா.

பிறகு வேறொரு பேங்கில் கடன் கிடைத்தது. "கண்டம் கழிஞ்சிட்டு, தொடங்குங்க" என்று அதையும் நீங்களே வீட்டில் சொன்னீர்கள். சுவர் பாதி எழும்பியபோது உங்களுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. துட்டி கேட்க வந்தவர்களெல்லாம், ஜோசியர் சொன்னது பலித்துவிட்டது என்று உங்கள் மகள் காதுபடவே பேசினார்கள்.

அவள் இந்த வீட்டுக்கு ஒரு நாளும் ஆசையாக வந்ததில்லை. நேற்று சமையலறை மேடைக்கு எந்தக் கல் போடலாம் என்று பார்க்கக் கூட்டி வந்தேன். எதையும் பார்க்காமல் வெறும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருக்கலாம்லா? நம்ம வீட்டு ஆசைதான் அப்பாவ கொண்டுபோயிட்டு."

அப்படி ஒரு ஜோசியரே கிடையாது. அதை அவளிடம் சொல்ல இந்த உலகத்தில் நான் ஒருவன்தான் மிச்சம்.

"விதி, என்ன செய்ய" என்றேன் மாமா.