விருந்து முடியட்டும், பிறகு ஊசி

அக்டோபர் 19, 2021
மகள் துன்யாவுக்குப் பன்னிரண்டு வயதாகிவிட்டது. கொரோனா தடுப்பூசி போட்டுவிடுங்கள் என்றார் இதய மருத்துவர். கைக்குழந்தையாக இருந்தபோது அவள் இதயத்து ஓட்டையைத் தைத்தவர் அவர்தான். ஊசியால் சில பிள்ளைகளுக்கு இதயத்தில் அழற்சி வருகிறதாமே என்றேன். அபூர்வம், பெரும்பாலும் சரியாகிவிடும், கொரோனா வந்தால் அந்த ஆபத்து இன்னும் அதிகம் என்றார். தலைக்குப் புரிந்தது. மனசுக்குப் புரியவில்லை.

அக்டோபர் 23
என் மனைவி ஸ்தானா, துடைத்த அடுப்பையே மறுபடியும் துடைக்கிறாள். "தைச்ச இதயம் அது. நானே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய், ஏதாவது ஆச்சுன்னா?"
போடாமல் விட்டு ஏதாவது ஆனால்? அதுவும் நாம் செய்ததுதானே? அவளிடம் இதைக் கேட்க எனக்குத் தைரியமில்லை.

அக்டோபர் 24
ஓப்ராட் வந்தான். என் கல்யாணத்துக்குச் சாட்சி, துன்யாவுக்கு ஞானத்தந்தை; கூடப்பிறந்தவன்கூட அவனுக்கு அடுத்துதான். அவனும் ஊசி போட்டுக்கொள்ளவில்லை. பயமெல்லாம் இல்லையாம், அவசரமில்லையாம்.
"வர்ற எட்டாம் தேதி உங்க வீட்டுப் புனிதர் விருந்து. பொண்ணைக் காய்ச்சலோட படுக்க வெச்சுட்டு யாருக்குடா ஊத்தப் போற? முடியட்டும், போட்டுக்கலாம்."
நானும் ஸ்தானாவும் ஒரே நேரத்தில் சரி என்றோம். ஒரு சாக்குக்காகத்தான் இருவரும் காத்திருந்தோம்.

நவம்பர் 8
எங்கள் குடும்பப் புனிதரின் நாள். இதற்கு யாரையும் அழைப்பதில்லை, வேண்டியவர்கள் தாமாகவே வருவார்கள். அழைக்காமலே வருகிறவர்களை வராதீர்கள் என்று எப்படிச் சொல்வது? வாசலில் இனிப்புக் கோதுமை, ஆளுக்கொரு கரண்டி, ஜன்னலெல்லாம் திறந்து வைத்தோம். அன்றைக்கு வீட்டுக்காரன் உட்காரக் கூடாது என்பது வழக்கம், நாள் முழுக்க நின்று ஊற்றினேன். துன்யாவை மாடியில் இருக்கச் சொல்லியிருந்தோம். ஓப்ராட் குரல் கேட்டதும் ஓடி வந்து முகக்கவசத்தைத் தானே இறக்கினாள். வழக்கம்போலக் கன்னத்தில் மாறி மாறி மூன்று முத்தம். ஸ்தானா என்னைப் பார்த்தாள். நான் சாராயப் புட்டியைப் பார்த்தேன்.

நவம்பர் 10
ஓப்ராடுக்குக் கொரோனா.

நவம்பர் 11
பரிசோதித்ததில் துன்யாவுக்கு இதுவரை ஒன்றுமில்லை. நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் அவளுக்கே எரிச்சல். "என் இதயத்தைப் பத்தி எல்லாரும் பேசுறீங்க. என்னை யாராவது கேட்டீங்களா?"
கேட்டேன். "போட்டிருக்கலாம்ப்பா" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அதுதான் தாங்கவில்லை. விருந்தாம், மண்ணாங்கட்டி. காய்ச்சல் வந்துடக் கூடாதாம் — இப்ப எதுக்கு உட்கார்ந்து நெத்தியைத் தொட்டுக்கிட்டிருக்கோம்?

நவம்பர் 15
ஓப்ராட் ஆஸ்பத்திரியில், ஆக்சிஜனில். போன் போட்டு, மூச்சு வாங்க ஒரே வார்த்தை கேட்டான்: "குட்டி?" நன்றாக இருக்கிறாள் என்றேன். அவன் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. போனை வைக்கவில்லை.

நவம்பர் 24
மறு பரிசோதனையிலும் அவளுக்கு இல்லை. தப்பித்தோம், எங்கள் சாமர்த்தியத்தால் அல்ல. இன்று ஊசி. நான் செருப்பை மாட்டும்போது ஸ்தானா தடுத்தாள். "நானே கூட்டிட்டுப் போறேன்."

நவம்பர் 26
கை வலி, லேசான காய்ச்சல். ஜாம் தடவிய தோசை கேட்டாள். ஸ்தானா சுட்டுக்கொண்டே இருக்கிறாள்.

நவம்பர் 8, 2022
முதல் ஆளாக ஓப்ராட் வந்தான். இளைத்திருந்தான், படியேறியதில் மூச்சு வாங்கியது. ஒரு கரண்டி கோதுமை எடுத்துக்கொண்டான். துன்யா வந்ததும், இந்த ஒரு வருடமாகச் செய்வதுபோலவே, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றான். அவள் அவன் காலரைப் பிடித்து இழுத்தாள். ஒன்று. இரண்டு. கண் கலங்கியது தெரியக் கூடாதென்று அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.
அவள் சுற்றிப் போய் மூன்றாவது முத்தத்தையும் கொடுத்தாள்.