கட்டில் 14இன் திருப்பல் அட்டவணை

6ந் திகதி, திங்கள்

விடியவே புழுக்கம். மழை வரும் போல ஒரு இருட்டு, ஆனால் வராது. வாட்டில் இரண்டு விசிறி ஓடவில்லை. எழுதிக் கொடுத்தது இது மூன்றாம் தரம்.

கட்டில் 14, செல்லத்துரை ஐயா. நீர்வேலி, வாழைத்தோட்டம். பக்கவாதம். வலப்பக்கம் அசையாது. பேச்சும் போய்விட்டது, ஒரு சொல்லைத் தவிர: "போடா." ஊசி போட்டால் போடா. கஞ்சி தீத்தினால் போடா. இன்று பெரிய டொக்டர் குனிந்து, "எப்பிடி இருக்கிறியள் ஐயா?" என்று கேட்டார். "போடா." வாட் முழுக்கச் சிரிப்பு. டொக்டரும் சிரித்தார், வேறு என்ன செய்ய.

தானாகத் திரும்ப முடியாத ஆள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் நாங்கள் திருப்ப வேண்டும். இடது, மல்லாக்க, வலது. இல்லாவிட்டால் படுக்கைப்புண். தலைமாட்டில் அட்டவணை தொங்குகிறது. திருப்பியவர் அந்த நேரப் பெட்டிக்குள் சரி போட்டுச் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். அது விதி. நடப்பது வேறு. முறை மாறும் நேரம் யாராவது பேனையை எடுத்து எட்டு, பத்து, பன்னிரண்டு எல்லாவற்றுக்கும் ஒரே மூச்சில் சரி போடுவார். ஒரே மை, ஒரே சாய்வு. நானும் போட்டிருக்கிறேன். போடாத ஆள் இல்லை.

ஐயாவின் முதுகு பார்த்தேன். சுத்தம். அனுமதித்த அன்று நான் எழுதியதும் அதுவே: "தோல் நலம்."

நாளைக்குக் கருத்தரங்கு. "தாதியத்தில் பரிவு." வாட்டிலிருந்து மூன்று பேர் கட்டாயம் போக வேண்டும். மிஞ்சுவது நிர்மலா மிஸ் ஒரு ஆள். நோயாளர் 38. வாட் பொறுப்பு சிஸ்டரிடம் சொன்னேன்.

"மேலிடத்து ஓடர் தம்பி. போய் இருந்திட்டு வாரும்."

7, செவ்வாய்

8.00. ராசன் அண்ணையும் (சிற்றூழியர், வாட்டில் என்னிலும் பழைய ஆள்) நானும் ஆளுக்கொரு பக்கம் விரிப்பைப் பிடித்து 14ஐ மல்லாக்க வைத்தோம். தலையணை முனையை மடித்து இடது கெண்டைக்காலுக்குக் கீழே செருகினேன்.

8.20. கிளம்ப முதல் அட்டவணையில் 10, 12, 2 மூன்றுக்கும் சரி போட்டேன். என் சுருக்கொப்பம். "நிர்மலா திருப்புவா, எழுதத்தான் அவவுக்கு நேரம் கிடையாது, அதற்காகப் போட்டேன்" என்று இங்கே எழுதப் பார்த்தேன். பொய். அப்படி யோசிக்கவே இல்லை. வெறும் பெட்டி கண்ணை உறுத்தும், அவ்வளவுதான்.

கருத்தரங்கு மண்டபத்தில் குளிரூட்டி. திரையில் ஒரு கை இன்னொரு கையைப் பிடித்திருக்கும் படம். வகுப்பெடுக்க வந்த மடம் நல்ல மனுசி, குரல் தேன். "பராமரிப்பு எண்டதும் உங்கடை மனதிலை வாற ஒரு சொல்?" வரிசையாகச் சொன்னார்கள். அன்பு. பொறுமை. தாய். தாய். புன்னகை.

நான்: "ரெண்டு பேர்."

"விளங்கேல்லை தம்பி."

"ஒராளைத் திருப்ப ரெண்டு பேர் வேணும் மடம். இப்ப எங்கடை வாட்டிலை ஒரு ஆள் நிக்கிறா."

பின்வரிசையில் ஒருத்தி, "உவன் ஒருத்தன், சாப்பாட்டையும் நிப்பாட்டப் போறான்" என்றாள். மடம் என் சொல்லைப் பலகையில் எழுதவில்லை. சாப்பாடு வந்தது. கோழி, கட்லற், வட்டிலப்பம். நன்றாகச் சாப்பிட்டேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

3.30. ஹெல்மெற் எடுக்க வாட்டுக்கு வந்தேன். 14 மல்லாக்கக் கிடந்தார். தலையணை முனை நான் மடித்த மடிப்பிலேயே. ஏழரை மணித்தியாலம்.

ராசன் அண்ணையைக் கூப்பிட்டுப் புரட்டினேன். வாலெலும்பில் சிவப்பு. விரலால் அமத்தினேன். வெளுக்க வேண்டும். வெளுக்கவில்லை. புண் தொடங்கிவிட்டது.

நிர்மலா மருந்து வண்டிலோடு நின்றா. கண் சிவந்திருந்தது. "ரெண்டு பேர் புதுசா அட்மிற். ஆறாம் கட்டில் செத்திட்டார். நான் எங்கை திருப்பிறது? உங்கடை சரியைப் பாத்தன், நீங்கள் ராசன் அண்ணையிட்டைச் சொல்லிப்போட்டுப் போனதாக்கும் எண்டு நினைச்சன்."

அப்படியென்றால் என் சரிதான் அவரைத் திருப்ப விடாமல் வைத்தது.

8, புதன்

தோல் விட்டுவிட்டது. ஐந்து ரூபாய் நாணயக் குத்தி அளவு. கழுவி, மருந்து வைத்துக் கட்டினேன். "போடா" என்றார். இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை.

ஃபோனில் அலாம் வைத்துவிட்டேன், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒன்று. ராசன் அண்ணை: "உம்மடை அலாம் அடிக்க எனக்கெல்லோ நாரி நோகுது. நீர் என்ன, அவருக்குப் பிறந்தனீரோ?" சொல்லிக்கொண்டே இடுப்பைத் தடவிவிட்டு விரிப்பைப் பிடித்தார்.

வெள்ளிக்கிழமை தர மதிப்பீட்டுக் குழு வருகிறது. சிஸ்டர் அட்டவணையைப் பார்த்தா. சரி, சரி, சரி. முகம் தெளிந்தது.

"இஞ்சை பிழை இல்லை. ஆள் விழுந்து கிடந்து வந்ததுதானே, அதாலை வந்த புண். அப்பிடி எழுதும்."

மத்தியானம் மகள் சூப் போத்தலோடு வந்தா. சிவமலர் அக்கா, பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவ. அதையே சிஸ்டர் அவவிடமும் சொல்லிவிட்டா. நான் கட்டுப்போடும்போது பக்கத்தில் நின்று அட்டவணையை மேலிருந்து கீழ் வாசித்தா, கொப்பி திருத்துகிறவர்கள் வாசிக்கும் மாதிரி.

"எல்லாம் சரிதான். நீங்கள் வடிவாத்தான் பாத்திருக்கிறியள் தம்பி. அண்டைக்கு அப்பா வாழைக்குள்ளை விழுந்து கிடந்தவர். நான் பள்ளிக்கூடத்தாலை வந்துதான் கண்டனான். வாற வழியிலை கடைக்கும் போனனான். நேர வந்திருந்தா..."

அந்த வாக்கியத்தை முடிக்க விட முடியவில்லை.

"இல்லை அக்கா. வரேக்கை தோல் நல்லா இருந்தது, நான்தான் பாத்து எழுதினனான். நேற்று ஐயாவை எட்டு மணியிலை இருந்து மூண்டரை மட்டும் ஒருதரும் திருப்பேல்லை. திருப்பினதெண்டு சரி போட்டது நான். போக முதலே போட்டனான்."

நன்றி சொல்வா என்று எதிர்பார்த்தேனோ? மடையன். அட்டவணையைப் பார்த்தா. என்னைப் பார்த்தா.

"படிச்சனீர்தானே?"

அவ்வளவுதான். சூப் போத்தலைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு போய்விட்டா.

9, வியாழன்

செய்தவை:
– செவ்வாய் 10, 12, 2 மூன்று சரிக்கும் சிவப்புக் கோடு. பக்கத்தில் "திருப்பவில்லை", இன்றைய திகதி, முழுக் கையெழுத்து.
– ஆஸ்பத்திரி அத்தியட்சகருக்குக் கடிதம். ஒரு பக்கம். என் பிழை முதல் பந்தி. 38 பேருக்கு ஒரு ஆளை விட்டது இரண்டாம் பந்தி. நிர்மலாவின் பெயர் இல்லை.
– பிரதி சிஸ்டருக்கு.

சிஸ்டர் மருந்தறைக் கதவைச் சாத்தினா. "உமக்கென்ன விசரே? நியமனம் உறுதிப்படேல்லை இன்னும். நாளைக்கு வாறவை உந்தச் சிவப்புக் கோட்டைத்தான் முதல் பாப்பினம்."

"பாக்கட்டும் சிஸ்டர்."

"எனக்குப் பென்சனுக்கு எட்டு மாசம் கிடக்கு. நிம்மதியாப் போக விடும். முப்பது வருசம் உந்த வாட்டிலை நிண்டிருக்கிறன், எத்தினை பேரைக் கழுவித் துடைச்சிருப்பன். எனக்குப் பரிவு இல்லையெண்டு எழுதிறீரோ?"

"பரிவு இல்லையெண்டு எழுதேல்லை. திருப்பேல்லை எண்டு எழுதினனான்."

அழுதா. எனக்கு அழுகை ஆற்றத் தெரியாது. தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். கடிதத்தைத் திரும்ப எடுக்கவில்லை.

சிரித்த முகத்தோடு பார்த்தாலும் சிடுமூஞ்சியோடு பார்த்தாலும் வாலெலும்புக்குத் தெரியாது. அதற்கு நேரம் மட்டும் தெரியும். கருத்தரங்கில் இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னாலும் எழுதியிருக்க மாட்டார்கள்.

பின்னேரம் அலாம் அடிக்க முதலே ராசன் அண்ணை வந்து நின்றார். "நாலு மணி. வாரும்."

10, வெள்ளி

மழை, ஒருவழியாக. வாட் வாசலில் சாக்கு விரித்திருக்கிறது. எல்லாருக்கும் புது விரிப்பு, குழு வருகிறபடியால்.

10 மணிக்கு அத்தியட்சகர் அறைக்கு வரச் சொன்னார்கள். 10 மணி திருப்பும் நேரம் என்று சொல்லி அனுப்பினேன். 10.20க்குப் போனேன்.

கடிதம் மேசையில். முதல் பந்தியை எடுத்துவிட்டு ஆள் பற்றாக்குறை என்று மட்டும் எழுதித் தரச் சொன்னார். எனக்கும் நல்லது, ஆஸ்பத்திரிக்கும் நல்லதாம். இரண்டாவது வழியும் சொன்னார்: கோடு போட்ட தாளை மாற்றிப் புதுத் தாள்.

"அந்த மகள் தன்னாலை வந்த புண் எண்டு நினைச்சவ சேர். முதல் பந்தி அவவுக்கு."

"நீர் உணர்ச்சிவசப்படுறீர்."

நானா? நல்ல பகிடி.

முடிவு: தகுதிகாண் காலம் நீடிப்பு. திங்கள் தொடக்கம் வெளிநோயாளர் கிளினிக், இலக்கத் துண்டு கொடுக்கிற வேலை. விளக்கக் கடிதம் வேறு. சரி. மருந்து வாங்க வாறவைக்கும் முதுகு இருக்கு. திங்கள் தானே. இன்று வெள்ளி.

குழு 11.30க்கு வந்தது. 14இல் நின்று சிவப்புக் கோட்டைப் பார்த்தார்கள். ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார். குறித்துக்கொண்டு போனார்கள். என்ன குறித்தார்கள் என்று தெரியாது.

புண்: விளிம்பு சுத்தம். பெருக்கவில்லை.

12.00. பார்வையாளர் நேர மணி. ராசன் அண்ணையைக் குழுவுக்குக் குடை பிடிக்க அனுப்பிவிட்டார்கள். நிர்மலா ஊசியில். நான் தனிய, ஒரு பக்க விரிப்பைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு. சிவமலர் அக்கா நனைந்து வந்தா. என் முகத்தைப் பார்க்கவில்லை. பையைக் கீழே வைத்தா, கையைச் சேலையில் துடைத்தா, கட்டிலின் மற்றப் பக்கம் போய் விரிப்பைப் பிடித்தா.

"எந்தப் பக்கம்?"

"இடது."