ஐந்தாம் நம்பர் வண்டி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நான் சொல்லச் சொல்ல வேறு யாரோ எழுதியது அல்ல, என் கைதான். தாளில் கோடு இருக்கிறது. என் எழுத்துதான் அதில் நிற்க மாட்டேன் என்கிறது. இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகம் என்று போனில் சொன்னதை நம்பி மேலே போகிறேன்.

முதலில் சந்தோஷமான செய்தி. இப்போது பஸ் போர்டெல்லாம் படிக்கிறேன். டெப்போவில் அத்தனை வருஷம் பஸ் கழுவினேனே, எது எங்கே போகிறது என்று நிறத்தையும் நசுங்கலையும் வைத்துத்தான் சொல்லுவேன். பின்பக்கம் நசுங்கின பஸ்ஸை ஆஸ்பத்திரி பஸ் என்றே நினைத்திருந்தேன். போன வாரம் போர்டைப் படித்தேன். அது ஜெயில் வரைக்கும் போகிற பஸ். உன் அம்மாவை எத்தனை தடவை அதில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். நல்லவேளை, ஆஸ்பத்திரி வழியில் இருந்ததால் இறங்கிக்கொண்டாள்.

தெருவில் நடக்கும்போது கண்ணில் படுகிற எல்லாவற்றையும் வாய்விட்டுப் படித்துவிடுகிறேன். மருந்துக்கடை, கண்ணாடிக்கடை, இங்கே குப்பை கொட்டாதே. ரேடியோவைத் தூக்கிக்கொண்டு நடக்கிற மாதிரி இருக்கிறது என்று உன் அம்மா ரெண்டடி தள்ளியே வருகிறாள்.

நான் எழுதப் படிக்கப் போகிற முதியோர் வகுப்பில் உன் பந்தயத்தைப் பற்றிக் கேட்டார்கள். பெருமையாகச் சொன்னேன். ஒரே கம்பெனி வண்டி, ஒரே மாதிரி பன்னிரண்டு. கார் ஷோரூமில் வாடிக்கையாளரை உட்கார வைத்து ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்த என் மகளை அந்தக் கம்பெனியே சோதனை வைத்துத் தேர்ந்தெடுத்தது. எஞ்சினை யாரும் தொடக் கூடாது, சீல் வைத்திருப்பார்கள். ஒரு பந்தயம் முடிந்ததும் அடுத்ததற்குச் சீட்டுக் குலுக்குவார்கள். யாருக்கு எந்த நம்பர் விழுகிறதோ அந்த வண்டி. ஆள்தான் வேறு, வண்டி எல்லாம் ஒன்று. ஐந்து பந்தயம் முடிந்துவிட்டது, கடைசி ஒன்று பாக்கி. இப்போது என் மகள் இரண்டாவது. கடைசிப் பந்தயத்தில் அந்த முதல் ஆளுக்கு முன்னால் வந்தால் கோப்பை அவளுக்கு. இப்படி எல்லாம் சொன்னேன். என்னோடு படிக்கிற இஸ்திரிக்கார அம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. எல்லாம் ஒரே சட்டையாக இருந்தாலும் துவைத்தால் ஒவ்வொன்றும் ஒரு விதமாகச் சுருங்கும் என்றாள்.

அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். சுற்றி வளைத்து இங்கே வந்திருக்கிறேன்.

நம் வீட்டில் போன் பேசுகிற விதம் உனக்குத் தெரியும். சத்தம் பெரிதாக வரட்டும் என்று போனை எவர்சில்வர் டம்ளருக்குள் நிறுத்தி வைத்து, எல்லோரும் சுற்றி நிற்போம். அன்றைக்கு ஐந்தாவது பந்தயம் முடிந்து நீ பேசினாய். கடைசிப் பந்தயத்துக்கு, முதல் இடத்தில் இருக்கிற சீப்புக்கு உன் வண்டி விழுந்திருக்கிறது என்று சிரித்தாய். அந்தப் பையன் ஹெல்மெட் போடுவதற்கு முன்னால் தலை சீவுகிறான் என்று நாம்தான் அந்தப் பேர் வைத்தோம். நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், தப்பிருந்தால் சொல்.

"அஞ்சாம் நம்பர் இனிமே எனக்கில்லப்பா, சீப்புக்குப் போயிடுச்சு. பாதி ரேஸ் தாண்டி சூடு ஏறிட்டா பிரேக் பஞ்சு மாதிரி உள்ள போகும். ஐயா தானா தெரிஞ்சுக்குவாரு."

உன் அண்ணன், அவன் தலை கொஞ்சம் கலையட்டும் என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அம்மா மட்டும் பஞ்சு என்றால் என்ன என்று கேட்டாள். மெத்தை மாதிரி என்று உன் அண்ணன் சொன்னதும் நல்லதுதானே என்று உள்ளே போய்விட்டாள்.

சிரித்து முடித்ததில் இருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீ ஏன் அங்கே சொல்லவில்லை என்று எனக்குப் புரிகிறது. முதல் பந்தயத்தில் ஸ்டியரிங் இழுக்கிறது என்று சொன்னதற்கு, ஓட்டத் தெரியாதவர்களுக்குத்தான் இங்கே வண்டியில் குறை தெரியும் என்று மெக்கானிக்குகள் கேலி செய்தார்கள். நீ அழுதாய். அதற்குப் பிறகு இறங்கினதும் குறை ஏதாவது உண்டா என்று கேட்டால் ஒன்றுமில்லை என்று சொல்லப் பழகிக்கொண்டாய். அந்தப் பழக்கத்தில் வந்ததுதான் இதுவும். என் மகள் யாருக்கும் கெடுதல் நினைக்கிறவள் இல்லை.

ஆனால் அந்த முதல் பந்தயத்துக்கு நான் வந்திருந்தேனே, உனக்கு ஒன்று சொல்லவில்லை. கேலரியில் என் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். என் வயசுதான் இருக்கும், பெரிய கைக்குட்டை வைத்திருந்தார். வண்டிகள் அந்தக் கொண்டை ஊசி வளைவுக்கு வந்தால் நான் கண்ணை மூடிக்கொள்வேன். திறந்து பார்த்தால் அவரும் மூடிக்கொண்டிருக்கிறார். ரெண்டு பேருக்கும் வெட்கமாகப் போய்விட்டது. அப்புறம் அவர்தான் வழி சொன்னார். "ஒரு சுத்து நீங்க பாருங்க, நான் மூடிக்கறேன். அடுத்த சுத்து நான் பாக்கறேன்." அப்படியே முறை வைத்துக்கொண்டோம். நான் மூடியிருந்தபோது, உங்க பொண்ணு தாண்டிட்டா என்று என் முட்டியைத் தட்டுவார். அவர் மூடியிருந்தபோது நான் அவர் முட்டியைத் தட்டுவேன். கடைசியில்தான் கேட்டேன். அவர் சீப்பின் அப்பா.

அந்த மனுஷன் முட்டியில் இனிமேல் நான் எப்படிக் கை வைப்பேன், சொல்.

இதை டம்ளருக்குள் பேச முடியாது. உன் அண்ணன் விட மாட்டான். கோப்பையை வைக்க ஷெல்பைத் துடைத்துத் தயாராக வைத்திருக்கிறான். முன்பெல்லாம் உனக்கு எது சொல்வதாக இருந்தாலும் இடையில் ஒரு ஆள் வேண்டும். இப்போது நமக்கு இடையில் யாரும் இல்லை. வகுப்புக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து எழுதுகிறேன். டீச்சர் பார்க்க வந்தால் கையால் மூடிக்கொள்கிறேன். தாத்தா காப்பி அடிக்கிறார் என்று அந்தப் பெண் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்.

நம் தெருக்கோடியில் லாரி நிறுத்துகிறாரே, உங்கள் பந்தயத்துக்கு டயர் கொண்டு போகிறவர், அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். இந்த வயசில் லவ் லெட்டரா மாமா என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

சொல்லிவிடு அம்மா. இவ்வளவுதான் நான் கேட்பது. கேலி செய்தால் செய்யட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
(கைநாட்டு இல்லை, பார்த்துக்கொள்.)


அன்பு மகளுக்கு,

இது இரண்டாவது கடிதம். கை கொஞ்சம் வேகமாகியிருக்கும் என்று நினைத்தேன். ஆகவில்லை. லாரி நாளைக்குக் கிளம்புகிறது. அதனால் பஸ் போர்டு கதை எதுவும் இல்லை.

நீ பேசினதை எல்லோரும் சுற்றி நின்று கேட்டோம். எஞ்சினியரிடம் சொல்லிவிட்டேன் என்று நீ சொன்னபோது எனக்கு மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது. அதற்குப் பிறகு நீ சொன்னதெல்லாம் என் கணக்கில் இல்லாதது. பிரேக்கைக் கழற்றிப் பார்த்தார்களாம், ஒன்றும் இல்லையாம். கொஞ்ச தூரம் ஓட்டியும் பார்த்தார்களாம், நன்றாகத்தான் நிற்கிறதாம். அரைப் பந்தய தூரம் ஓட்டினால்தானே சூடு ஏறும் என்று நீ கேட்டதற்கு, சக்கரத்தைத் திரும்ப மாட்டிவிட்டுப் போய்விட்டார்களாம். சீப்பு எல்லோர் முன்னாலும், இவள் என்னைப் பயமுறுத்தி ஜெயிக்கப் பார்க்கிறாள் என்றானாம். அவ்வளவு அக்கறை இருந்தால் அவளே ஓட்டட்டுமே என்றானாம்.

நீ, கொடு, ஓட்டுகிறேன் என்றாயாம்.

பந்தயம் நடத்துகிற பெரியவர்கள் யாராவது தடுத்திருப்பார்கள் என்று நினைத்தேன். எல்லா வண்டியும் ஒன்றுதான் என்பது அவர்கள் சட்டம். ஒன்றுதான் என்று சொல்லிவிட்ட பிறகு மாற்றிக்கொள்ளாதே என்று எப்படிச் சொல்வார்கள்? ரெண்டு பேரும் சம்மதித்தால் சரி என்று விட்டுவிட்டார்கள்.

உன் அம்மா டம்ளருக்குள் கையை விட்டுப் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். மூச்சு விடுவதுதான் உனக்குக் கேட்டிருக்கும். இந்தத் தடவை அவள் பஞ்சு என்றால் என்ன என்று கேட்கவில்லை.

நீ போனை வைத்ததும் உன் அண்ணன் குதித்தான். "வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா கோப்பை வீட்டுக்கு வந்திருக்கும். யாரு இவளுக்கு நியாயம் ஓதினது?" என்றான். அம்மாவைப் பார்த்தான், அண்ணியைப் பார்த்தான், சுவரைக்கூடப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை. அவனுக்கு நான் இன்னும் எழுதத் தெரியாதவன்தான். உன் அண்ணி பார்த்தாள். என் விரலில் மை இருந்தது. "மாமா, கையைக் கழுவிட்டு வாங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

கழுவினேன். அது சீக்கிரம் போகிற மை இல்லை.

சீப்பின் அப்பாவை நினைத்து அவர் பிள்ளையை அந்த வண்டியில் இருந்து இறக்கச் சொன்னேன். என் பிள்ளை அதில் ஏறுவாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் எழுதியிருப்பேனா என்று என்னை நானே கேட்டுக்கொள்கிறேன். டீச்சர் கேள்வி கேட்டால் பதில் தெரியாதபோது ஜன்னலைப் பார்ப்பேன். இதற்கும் ஜன்னலைத்தான் பார்க்கிறேன்.

நீ செய்தது தப்பு என்று எழுத வரவில்லை. சரி என்று எழுதவும் கை வரவில்லை. எனக்குப் பிரேக் தெரியாது, சக்கரத்தைக் கழுவ மட்டும்தான் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன், அந்தக் கொண்டை ஊசி வளைவுக்கு மற்றவர்கள் மிதிக்கிற இடத்துக்கு ரொம்ப முன்னாலேயே மிதித்துவிடு. எத்தனை பேர் தாண்டிப் போனாலும் போகட்டும். பாதி தூரத்துக்கு மேல் கால் உள்ளே இறங்குகிற மாதிரி தெரிந்தால் வண்டியை ஓரம் கட்டிவிடு. ஷெல்பில் நான் பேப்பர் அடுக்கிக்கொள்கிறேன். எனக்கு இடம் பத்தவில்லை என்று உன் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டு வெளியே போனவன், வரும்போது உன் பழைய ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

இதற்குக் கீழே ஒரு வரியை அடித்திருக்கிறேன். தப்பாக எழுதினால் ஒரே ஒரு கோடு போட வேண்டும், தப்பு என்ன என்று பிறகு தெரிய வேண்டும் என்பது டீச்சர் சொல்லித் தந்தது. நான் அப்படி அடிக்கவில்லை. தாள் கொஞ்சம் கிழிந்தே போய்விட்டது. வெளிச்சத்தில் பிடித்துப் படிக்கப் பார்க்காதே. சொல்லிவிடு என்று போன கடிதம் எழுதின அப்பா அந்த வரியை எழுதக் கூடாது.

லாரிக்காரர் ஒரு செய்தி கொண்டு வந்தார். சீப்பின் அப்பா அங்கே வந்திருக்கிறாராம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பெரியவர் கடைசிப் பந்தயத்துக்கு வருவாரா என்று என்னைக் கேட்டாராம். கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாராம். பயந்துபோயிருக்கிற உன் அம்மாவை விட்டு வர முடியாது. நீயே போய் அவரைப் பார். அப்பா வரவில்லை என்று சொல். போன தடவை முறை வைத்துக்கொண்டோம். இந்தத் தடவை எல்லாச் சுற்றுக்கும் இங்கே நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். அவர் மூடாமல் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

நன்றாக இரு. இறங்கினதும் பேசு. டம்ளரை நான் கையிலேயே வைத்திருப்பேன்.

உன் அப்பா