உப்புமா ஜெயித்த தேர்தல்

ஊரப்பாக்கம்,
செப்டம்பர் 14.

அன்புள்ள மாளவிகாவுக்கு,

இங்கு நலம். புனேயில் உமேஷும் மருமகளும் உன்னை நன்றாகவே கவனித்துக்கொள்வார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. வாட்ஸ்அப்பில் நீ என்னை பிளாக் செய்துவிட்டாய். தபால்காரரை அப்படிச் செய்ய முடியாது என்பதால் இந்தக் கடிதம். கிழிப்பதானால் முழுதும் படித்துவிட்டுக் கிழி.

பழைய சண்டையைக் கிளறப் போவதில்லை. போன வருஷம் காலனிச் சங்கத் தலைவர் பதவிக்கு நாம் இருவருமே நின்றோம். இருவரும் கேட்டது ஒன்றுதான், மழைநீர்க் கால்வாயைத் தூர்வார வேண்டும். "நீ வாபஸ் வாங்கு" என்று நீ சொல்ல, "நீ வாங்கேன்" என்று நான் சொல்ல, ஓட்டு இரண்டாகப் பிரிந்து தோத்தாத்ரி சார் நோகாமல் உள்ளே வந்துவிட்டார். காலனியில் பாதிக்கு மேல் அவருக்குப் போடாதவர்கள்தான்! அவர் வாசலில் அலங்கார வளைவு கட்டினார், கால்வாயைத் தொடவில்லை. நவம்பர் மழையில் உன் கூடத்தில் முழங்கால் தண்ணீர். நீ வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டாய்.

அதனால் இந்த வருஷம் ஓட்டுப் போடும் முறையையே மாற்ற வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். ஹோட்டலில் "பொங்கல் இருக்கா? இல்லேன்னா பூரி, அதுவும் இல்லேன்னா இட்லி" என்று கேட்பதில்லையா, அதே மாதிரி சீட்டில் 1, 2, 3 என்று எழுதுவது. யாருக்கும் பாதிக்கு மேல் 1 கிடைக்காவிட்டால், கடைசியில் இருப்பவரை நீக்கிவிட்டு, அவருக்கு 1 போட்டவர்களின் ஓட்டை அவர்கள் 2 போட்டவருக்குச் சேர்ப்பது. "என்னம்மா இது, ஒருத்தருக்கு மூணு ஓட்டா? எங்கயும் இல்லாத வழக்கம்" என்றார் தோத்தாத்ரி சார். "நம்ம ஜனாதிபதியையே இப்படித்தான் சார் தேர்ந்தெடுக்கிறாங்க. எண்ணும்போது ஒருத்தருக்கு ஒரு ஓட்டுதான்" என்றேன்.

சரி, சுதந்திர தின டிபன் என்ன என்பதை இந்த முறையில் தேர்ந்தெடுத்து ஒத்திகை பார்க்கலாம் என்று முடிவாயிற்று. இங்கேதான் கூத்து. நம் காலனியில் வீட்டுக்கு ஒரு ரிட்டயர்ட் டீச்சர் அல்லவா? பழக்க தோஷத்தில் எல்லோரும் மார்க் போட்டுவிட்டார்கள்! சீட்டிலிருந்த நாலு பலகாரத்தில் பிடித்த பொங்கலுக்கு 4, பிடிக்காத ரவை உப்புமாவுக்கு 1. எண்ணிப் பார்த்தால் உப்புமா அமோக வெற்றி. கொடியேற்றிவிட்டுக் காலனியே முகத்தைச் சுளித்துக்கொண்டு அதைச் சாப்பிட்டது. தோத்தாத்ரி சார் மட்டும் சிரித்தபடி இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. காப்பாற்றியவர் கணக்கு வாத்தியார் ரத்தினம் சார். தானும் பொங்கலுக்கு 4 போட்டுக் கவிழ்த்துவிட்ட வெட்கத்தில் வீடு வீடாகப் போய், "இது மார்க் இல்லம்மா, ரேங்க். உங்க பையன் ஃபர்ஸ்ட் ரேங்க் வந்தா சந்தோஷமா, நாப்பதாவது ரேங்க் வந்தா சந்தோஷமா?" என்று கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு யாருக்கும் விளக்கமே தேவைப்படவில்லை. போன ஞாயிறு பொதுக்குழுவில் தீர்மானம் நிறைவேறிவிட்டது. தோத்தாத்ரி சாரின் மனைவியே கை தூக்கினார், மாளு!

மீன்கார அங்காளம்மா உன் கேட்டுக்கு முன்னால் கூடையை இறக்கிவிட்டு, "இன்னாமா, உன் கூட்டாளி வூடு பூட்டியே கீது, எப்போ வரும்?" என்கிறாள். பேச்சை மாற்றுவதற்காக வேண்டாத நெத்திலியை வாங்கிக்கொண்டு வருகிறேன். உன்னோடு வாயாடாமல் எனக்குப் பொழுதே போகவில்லை.

மனு கொடுக்க மாதக் கடைசிவரை நேரமிருக்கிறது. நான் கொடுத்துவிட்டேன், நீயும் கொடு. இந்த முறை யாரும் யாருக்காகவும் விலக வேண்டாம். நம்மில் யார் தோற்றாலும் கால்வாய் ஜெயிக்கும். மழைக்கு முன்னால் வந்துவிடு. என்னோடு பேச வேண்டாம், என்னை எதிர்த்து நிற்கவாவது வா.

உன் சீட்டில் இரண்டாம் இடத்தையாவது எதிர்பார்க்கும்,
உதயா