கடைசியாகக் குளிப்பவள்

டிசம்பர் 3, அமீர்பேட்டை விடுதி

இன்றும் கண்ணாடி முன் ஒரு நிமிட சுய அறிமுகப் பயிற்சி. அறைத் தோழி ரத்னம் கட்டிலில் சம்மணமிட்டு, கைபேசியில் நேரம் பார்த்தாள். பயிற்சி மையம் கொடுத்த ஜெராக்ஸ் தாளை ஒப்பித்தேன். "என் பெயர் வரூதினி. ஊர் பொப்பிலி. அப்பா விவசாயி. நான் கடின உழைப்பாளி. பொழுதுபோக்கு தோட்டக்கலை."

"தோட்டமா? ஆறு கட்டில் போட்ட ரூம்ல துளசி வைக்கக்கூட எடமில்லடி!"

தாளில் அப்படித்தான் இருக்கிறது.

டிசம்பர் 9

ஒன்பதாவது நேர்முகத் தேர்வும் போயிற்று. தோட்டக்கலை என்றதும் கேள்வி கேட்ட அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "காலையிலேர்ந்து நீங்க நாலாவது தோட்டக்காரர். தாள விட்டுட்டுச் சொல்லுங்க, நீங்க யாரு?"

இருபத்துமூன்று வயதாகிறது — யாரென்று தெரியவில்லையே!

டிசம்பர் 10

அப்பா போனில் பேசினார். "சங்கராந்திக்கு வரப்போ பெட்டியோட வந்துடும்மா." திட்டியிருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன்.

டிசம்பர் 14

ரத்னம் தாளைக் கிழித்துப் போட்டாள். "உன்ன விடு. என்னப் பத்திச் சொல்லு பாப்போம்."

கேட்க வேண்டுமா? துனி ஊர்க்காரி, வாயாடி, சமையல்காரரிடம் சண்டை போட்டு எங்களுக்குக் கோங்கூரா ஊறுகாய் வாங்கித் தருகிறவள், எதற்கும் தாமதம் — மூச்சுவிடாமல் பேசினேன்.

"போதும் தாயே! இப்ப உன்னச் சொல்றேன் கேளு. ஆறு பொண்ணுங்க, ஒரே குளியலறை. ரெண்டு வருஷமா யாரும் அடிச்சுக்காம குளிக்க அட்டவணை போட்டது யாரு? அது ஏன் தாள்ல இல்ல?"

இதெல்லாமா சொல்வார்கள்?

டிசம்பர் 20

லாரிகளுக்கு நேரம் வகுக்கும் வேலைக்கு நேர்முகத் தேர்வு. ரத்னமும் நானும் போனோம், உள்ளே முதலில் நான். அட்டவணைக் கதையைச் சொன்னேன். நடுவில் இருந்தவர் நிமிர்ந்தார். "யாராவது லேட் பண்ணா?"

"ஒருத்திதான் சார், ரத்னம்னு. அவள கடைசியில போட்டுட்டேன்."

சிரித்தார்கள். வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. அடுத்து உள்ளே போகிறவளே அவள்தான்! ஐயோ, என் வாயாலேயே அவ வேலையக் கெடுத்துட்டேனா?

இருபது நிமிடம் கழித்து வந்தாள். "பேரச் சொல்றதுக்குள்ள, 'கடைசியா குளிக்கிற ரத்னமா?'ங்கறாங்க! எனக்குன்னு இன்ட்ரோவே மிச்சம் வைக்கலடி நீ."

"நீ என்ன சொன்ன?"

"உண்மையத்தான். கீசர்ல அஞ்சு பேருக்குத்தான் சுடுதண்ணி வரும், அதான் கடைசியாப் போறேன்னேன். வா, டீ குடிக்கலாம்."

இரண்டு குளிர்காலம் அவள் குளித்தது பச்சைத் தண்ணீரில். அட்டவணை போட்ட எனக்கு இது தெரியாது. அழுகை வந்தது, அவள் தோளில் ஒரு குத்து விட்டேன்.

ஜனவரி 4

இருவருக்கும் வேலை! அப்பாவிடம், "பெட்டியோட வரல நான்னா, நாலு நாள் துணியோட வரேன்" என்றேன். சிரித்தார். மூக்கை உறிஞ்சியதும் கேட்டது.

ஜனவரி 19

வேலையில் முதல் நாள். குளியல் அட்டவணையைத் திருத்தி ஒட்டினேன்: முதலில் ரத்னம், கடைசியில் நான். தண்ணீர் பட்டதும் உயிர் போய் வந்தது.

அலுவலகத்தில் புதியவர்களை ஆளுக்கு ஒரு நிமிடம் தங்களை அறிமுகம் செய்துகொள்ளச் சொன்னார்கள். முதலில் குளித்தும் ரத்னம் வந்து சேரவில்லை. என் நிமிடத்தில் அவளை அறிமுகப்படுத்தினேன். என்னைப் பற்றிச் சொல்ல நேரமில்லாமல் போயிற்று.