கருவாட்டின் மேல் உறைபனி

மார்கழி, ஞாயிறு இரவு.

எனக்கு எழுத்து வராது. நான் சொல்ல, மருமகள் எழுதுகிறாள்.

சூறாவளி எங்கள் தென்னைகளை முறித்துப் போட்ட வருடம் முடிந்து தை பிறந்தபோது, பனிச்சங்கேணியிலிருந்து நாங்கள் மூன்று பேர் நுவரெலியா மலைக்குக் கோவாத் தோட்டத்தில் முட்டைக்கோசு வெட்டப் போனோம். மூவருக்கும் ஒரே கம்பளி. கொண்டுபோன கருவாடு ஈரம் பிடித்ததால் தகரக் கூரையில் காயப் போட்டோம். விடியப் பார்த்தால் கருவாடெல்லாம் வெள்ளை. இரவோடிரவாக உப்பைக் கொட்டியவன் யார் என்று மூவரும் ஒருவரோடொருவர் அடிபட்டோம். வெயில் ஏறியதும் உப்பு தண்ணீராய் ஓடியது. அது உறைபனி.

இதை வீட்டில் ஒருவரும் நம்புவதில்லை. இன்று மத்தியானமும் மருமகள் சிரித்தாள். "நுவரெலியா குளிர் எண்டா சரி மாமா. கருவாட்டில ஐஸ் எண்டா ஆரு நம்புற?"

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. சாட்சிக்கு ஆளில்லை. கூட வந்த இருவரில் கந்தப்போடி இறந்து பத்து வருடம். மற்றவன் எங்கே என்றே தெரியாது.

பின்னேரம் பாசிக்குடா ஹோட்டலில் வேலை செய்யும் மகன் போன் எடுத்தான். மீன் கொடுக்க வந்த கிழவர் ஒருவர், அவனுடைய ஊரைக் கேட்டறிந்து, என் பேரைச் சொல்லி விசாரித்தாராம். போன் கிழவர் கைக்கு மாறியது.

"டேய், கருவாட்டுக்கு உப்புக் கொட்டின கள்ளன் உசிரோட இரிக்கானா?"

"நான் கொட்டல்லடா!" என்று கத்திவிட்டு, போனை மருமகளிடம் கொடுத்தேன். முழுக் கதையையும் கேட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். இப்போதும் சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறாள்.

நாளைக்கு வருகிறானாம். அந்தக் கம்பளிக்குள் படுத்தவர்களில் என்னை விட்டால் மிச்சம் இவன் ஒருவன்தான், சவரிமுத்து.